மெயில் ஐடியை மாற்ற இத்தனை பாடா?

கேள்வி: நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பல வருடங்களுக்கு முன்பு வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கியபோது, அந்த நிறுவனமே ஒரு மெயில் ஐடியும் கொடுத்தது. பேங்க், பி.எஃப்., இன்கம் டாக்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், ரயில் டிக்கெட், கேஸ் என்று எல்லா இடத்திலும் அதையே கொடுத்து வைத்திருக்கிறேன். இப்போது, மூன்று மாதத்தில் மெயில் சேவையை நிறுத்தப் போவதாக அவர்களிடமிருந்து தகவல் வந்திருக்கிறது. புதிதாக ஜிமெயில் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு இடமாகப் போய் மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு ஆன்லைன் கடையில் மெயில் ஐடி இருக்கும் கட்டம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை. புதிய மெயிலிலிருந்து வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால், 'பதிவு செய்த மெயிலிலிருந்து எழுதுங்கள்' என்கிறார்கள். அதிலிருந்து எழுதினால், 'புதிய கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். பழைய கணக்கில் இருக்கும் கிஃப்ட் கார்டு பணத்தைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை. இன்னொரு தளத்தில் புதிய ஐடியைப் போட்டால், 'இது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று வருகிறது. பேங்கில் மாற்றியாயிற்று, ஆனால் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் இன்னும் பழைய மெயிலுக்கே போகிறது. என் மகன், 'பேசாம என் மெயிலையே எல்லாத்துக்கும் கொடுத்துடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்' என்கிறான். எதை முதலில் செய்வது? எங்கே முறையிடுவது? என் விவரத்தை நான் மாற்றிக்கொள்ள ஏன் இப்படிக் கெஞ்ச வேண்டும்?

- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா, கெஞ்ச வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. மெயில் ஐடி உங்களைப் பற்றிய ஒரு விவரம். அது மாறினால், மாறியதைப் பதிவு செய்துகொள்வது நிறுவனத்தின் கடமை. நிறுவனங்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஒரு ஏற்பாட்டின் சுமைதான் இப்போது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகள் எல்லாமே ஒரே வகையைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாது. சில, உங்கள் பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்ட தடைகள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சில, வெறும் அலட்சியம். அவற்றை எதிர்த்துக் கேட்கத்தான் வேண்டும். எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. இணைப்போடு சேர்ந்தே ஒரு மெயில் ஐடியும் வரும். அதையே வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். 2004 ஏப்ரல் 1-ல் ஜிமெயில் 1 ஜி.பி. இடத்தோடு வந்தபோது, ஹாட்மெயிலும் யாஹூவும் இலவசமாகக் கொடுத்த இடம் சில எம்.பி.தான். அதற்குள் பலருடைய கணக்குகளில் பழைய ஐடி பதிவாகி ஊறிவிட்டது. கடைகளும் வங்கிகளும் ஆன்லைனுக்கு வந்தபோது, 'எந்த வாடிக்கையாளர் இவர்?' என்று அடையாளம் காண அவர்களுக்கு ஒன்று வேண்டியிருந்தது. ஒருவருடைய ஐடி இன்னொருவருக்கு இருக்காது என்ற காரணத்தால் மெயில் ஐடியையே பிடித்துக்கொண்டார்கள்.

முறையாகச் செய்திருந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் என்றைக்கும் மாறாத ஓர் எண்ணைக் கணினி ரகசியமாகக் கொடுத்திருக்கும். ஆர்டர், பில், பணம், புகார் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்திருக்கும். மெயில் ஐடி, போன் நம்பரைப் போல மாற்றக்கூடிய ஒரு விவரமாக மட்டும் இருந்திருக்கும். பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. அங்கே இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாதவர்கள் மெயில் ஐடியையே அடையாள எண்ணாக வைத்துவிட்டார்கள். அங்கே அதை மாற்றினால் பழைய பில், பாயின்ட், கிஃப்ட் கார்டு பணம் எல்லாம் யாருடையது என்று கணினிக்குத் தெரியாமல் போய்விடும். அதனால் அந்தக் கட்டத்தைத் தொட முடியாதபடி பூட்டிவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த சாம்பல் நிறக் கட்டத்தின் கதை பெரும்பாலும் இதுதான். இது தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லவும் வழியில்லை. 'கூகுள் மூலம் லாகின்' வசதியைத் தங்கள் தளத்தில் வைப்பவர்களுக்குக் கூகுளே சொல்லும் அறிவுரை இது: ஆளை மெயில் ஐடியை வைத்து அடையாளம் காணாதீர்கள், நாங்கள் தரும் மாறாத எண்ணை வைத்து அடையாளம் காணுங்கள்.

இரண்டாவது காரணம் நியாயமானது. பாஸ்வேர்டு மறந்துவிட்டால் புதியதை உருவாக்கும் இணைப்பு உங்கள் மெயிலுக்குத்தான் வரும். ஆகவே உங்கள் கணக்குக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறவன் முதலில் மாற்றப் பார்ப்பது மெயில் ஐடியைத்தான். அதை மாற்றிவிட்டால் அப்புறம் நீங்களே உள்ளே போக முடியாது. மென்பொருள் பாதுகாப்புக்கு வழிகாட்டும் ஓவாஸ்ப் என்ற சர்வதேச அமைப்பு, மெயில் ஐடி மாற்றத்துக்கென்றே நடைமுறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. புதிய மெயிலில் உறுதி செய்யச் சொல்ல வேண்டும். பழைய மெயிலுக்குத் தகவலாவது போக வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பு இல்லாத கணக்கு என்றால் பழைய மெயிலிலும் உறுதி கேட்க வேண்டும். ஆகவே பழைய மெயிலுக்கு ஓடிபி அனுப்பும் நிறுவனத்தின் மேல் கோபப்படாதீர்கள். அது உங்கள் வீட்டைக் காக்கிறது.

இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் முதல் பாடம்: பழைய மெயில் உயிரோடு இருக்கும் இந்த மூன்று மாதம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து. வீடு மாறும்போது கடைசி வண்டி கிளம்பிய பிறகுதானே பழைய வீட்டுச் சாவியைக் கொடுப்போம்? அதுபோலக் கடைசி நாள்வரை அந்த மெயிலை விடாதீர்கள்.

தொடங்கும் முன்

புதிய மெயிலை முதலில் உறுதிப்படுத்துங்கள். ஜிமெயிலில் உங்கள் கைபேசி எண்ணை மீட்பு எண்ணாகக் கொடுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். அப்போது தரப்படும் பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதி, பாஸ்புக்கோடு வைத்துவிடுங்கள். இலவச மெயிலுக்கும் ஆயுள் உண்டு. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023-ல் கொண்டுவந்து, அந்த வருடம் டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. நீங்கள் தினமும் பார்க்கிற மெயிலுக்கு அந்த ஆபத்து இல்லை. இன்னொரு கணக்கைத் தொடங்கி அதை மறந்துவிட்டால்தான் ஆபத்து.

அடுத்து, எல்லா இடத்திலும் உங்கள் கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெயில் கைவிட்டால் காப்பாற்றுவது அதுதான். பயன்படுத்தாமல் விட்ட கைபேசி எண், துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குக் கொடுக்கப்படலாம். மெயிலும் எண்ணும் இரண்டுமே பழையதாக இருக்கும் கணக்குதான் மீட்கவே முடியாமல் போகும். அதனால் இந்த மூன்று மாதத்தில் கைபேசி எண்ணை மாற்றும் யோசனை இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாவது, பட்டியல். நினைவிலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். பழைய மெயிலின் தேடும் கட்டத்தில் வெல்கம், வெரிஃபை, பாஸ்வேர்டு, ஸ்டேட்மென்ட், இன்வாய்ஸ், ரினியூவல் என்ற ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். எந்தெந்த நிறுவனத்திடம் அந்த ஐடி இருக்கிறது என்று வரிசையாக வந்துவிடும். கம்ப்யூட்டரிலும் போனிலும் சேமித்து வைத்த பாஸ்வேர்டு பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். கணக்குப் பிரிவில் லெட்ஜர் பார்த்த கைக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லை: நிறுவனம், வாடிக்கையாளர் எண், மாற்றிய தேதி, உறுதிச் செய்தி வந்ததா என்று நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டு போதும்.

பழைய மெயிலில் இருக்கும் முக்கியமான கடிதங்களை, பாலிசி ஆவணங்களை, பில்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெயிலுக்கு வருவதைப் புதியதற்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டு வசதி இருந்தால் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

எந்த வரிசையில்?

பணமும் சட்டமும் சம்பந்தப்பட்டவை முதலில், கடை கண்ணி கடைசியில். இதுதான் வரிசை.

முதல் இடம் வங்கிக்கு. நெட் பேங்கிங்கில் மாற்றியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் பல வங்கிகளில் சேமிப்புக் கணக்கு ஒரு கணினியில், கிரெடிட் கார்டு வேறொரு கணினியில், டீமேட் மூன்றாவது இடத்தில் இருக்கும். ஒன்றில் மாற்றினால் மற்றதில் தானாக மாறாது. உங்கள் கார்டு ஸ்டேட்மென்ட் பழைய இடத்துக்கே போவது பெரும்பாலும் இதனால்தான். கார்டு சேவைக்குத் தனியாகக் கோரிக்கை கொடுங்கள். கிளைக்குப் போனால், 'என் கஸ்டமர் ஐடியில் இருக்கும் எல்லாக் கணக்குக்கும், ஃபிக்சட் டெபாசிட்டுக்கும், லாக்கருக்கும் இந்த மெயில்தான் இருக்கிறதா?' என்று கேட்டு, கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வருமான வரி. இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் புரொஃபைலுக்குள் போனால் தொடர்பு விவரங்களை மாற்றலாம், ஓடிபி வரும். இதைத் தள்ளிப் போடவே கூடாது. துறையின் நோட்டீஸ் நீங்கள் கொடுத்த மெயிலுக்கு வந்தாலே அது உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை என்பது பதில் ஆகாது. அடுத்த முறை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது, படிவத்திலும் புதிய மெயில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டர் தாக்கல் செய்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள். பல படிவங்களில் ஆடிட்டர் அலுவலக மெயிலே ஏறியிருக்கும்.

மூன்றாவது, பி.எஃப். யுஏஎன் தளத்தில் உள்ளே போய் 'மேனேஜ்' பகுதியில் தொடர்பு விவரங்களை மாற்றலாம்.

நான்காவது, முதலீடுகள். மியூச்சுவல் ஃபண்டில் ஒவ்வொரு ஃபோலியோவிலும் மெயில் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். நல்ல வேளையாக, ஃபண்டு நிறுவனங்களின் கணக்குகள் பெரும்பாலும் கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவு நிறுவனங்களிடம்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து 2021-ல் தொடங்கிய எம்.எஃப். சென்ட்ரல் தளத்தில் எல்லா ஃபோலியோவுக்கும் சேர்த்துக் கோரிக்கை வைக்கலாம். டீமேட் கணக்கு இருந்தால் உங்கள் தரகு நிறுவனத்திடம் மாற்ற வேண்டும். கேஒய்சி பதிவிலும் மெயில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாவது, இன்ஷூரன்ஸ். பிரீமியம் நினைவூட்டல் பழைய மெயிலுக்குப் போய், தவணை தவறி, மருத்துவக் காப்பீடு காலாவதியாவது சாதாரணமாக நடக்கிற விஷயம். புதுப்பிக்கும் தேதி நெருங்கிய பாலிசியிலிருந்து தொடங்குங்கள்.

ஆதாரில் மெயில் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்திருந்தால் ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்து மாற்றிக்கொள்ளலாம், அவசரம் இல்லை. ரயில் டிக்கெட், கேஸ், மின்வாரியம், கடைகள் எல்லாம் இதற்குப் பிறகு.

நீங்கள் சொன்ன முடிச்சுகள்

'ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது' என்று வந்தால், அந்தத் தளத்தில் உங்கள் புதிய ஐடியில் இன்னொரு கணக்கு இருக்கிறது என்று பொருள். மாற்ற முடியாத சலிப்பில் நீங்களே ஒன்று தொடங்கியிருக்கலாம். ஏதாவது ஒரு நேரம் 'கூகுள் மூலம் லாகின்' என்பதை அழுத்தியிருக்கலாம். இரண்டு கணக்கை ஒன்றாக்கும் வசதி பல தளங்களில் கிடையாது. அதனால் இப்படிச் செய்யுங்கள். புதிய ஐடியைப் போட்டு, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்பதை அழுத்தி, அந்தக் கணக்குக்குள் போங்கள். உள்ளே ஆர்டரோ பணமோ எதுவும் இல்லையென்றால் கணக்கை நீக்குங்கள்.

நீக்கினாலும் சில தளங்கள் அந்த ஐடியை உடனே விடாது. அப்போது வேறு ஒரு வழி இருக்கிறது. ஜிமெயில் ஐடியில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் மெயில் உங்களுக்கே வரும். பெயருக்குப் பின்னால் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்த்தாலும் உங்களுக்கே வரும். ஆனால் பெரும்பாலான தளங்கள் அதை வேறு ஐடி என்றே எடுத்துக்கொள்ளும். காலியாக இருக்கும் கணக்கை அப்படிப் புள்ளி வைத்த ஐடிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் உண்மையான ஐடி விடுபடும். அதன் பிறகு பழைய கணக்குக்குள் போய் அதைக் கொடுங்கள். கூட்டல் குறியைச் சில தளங்கள் ஏற்பதில்லை. புள்ளியையே முதலில் முயன்று பாருங்கள்.

பூட்டிய கட்டத்துக்கு: கைபேசி ஆப்பில் பூட்டியிருப்பது வெப்சைட்டில் திறந்திருக்கலாம், அங்கே பூட்டியிருப்பது இங்கே திறந்திருக்கலாம். இரண்டிலும் பாருங்கள். சில இடங்களில் மெயில், 'புரொஃபைல்' பகுதியில் இருக்காது. 'லாகின், செக்யூரிட்டி' பகுதியில் இருக்கும். எங்கேயும் இல்லையென்றால் எழுத்துப்பூர்வமான புகார்தான் வழி.

கிஃப்ட் கார்டு பணத்துக்கு: 'புதிய கணக்கு தொடங்குங்கள்' என்ற பதிலை இப்போதைக்கு ஏற்காதீர்கள். பழைய கணக்கை நீங்களாக மூடவும் வேண்டாம். மீதித் தொகை தெரியும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தேவையான பொருள் ஏதாவது இருந்தால் அந்தப் பணத்தில் இப்போதே வாங்கிவிடுவது நல்லது. மீதி இருந்தால் அதை மாற்றித் தரும்படி புகாரிலேயே எழுதுங்கள்.

அலுவலக மெயிலையோ கல்லூரி மெயிலையோ வைத்து 'கூகுள் மூலம் லாகின்' செய்து வந்தவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. வேலையை விடுகிற அன்று மாலையே அந்த மெயில் மூடப்படலாம். அதற்கு முன்பே ஒவ்வொரு தளத்திலும் தனியாகப் பாஸ்வேர்டு ஒன்று உருவாக்கிக்கொண்டு, மெயிலை மாற்றி, பிறகு பழைய இணைப்பைத் துண்டியுங்கள். வரிசை தப்பினால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

மகன் மெயிலைக் கொடுக்கலாமா?

வேண்டாம், அம்மா. அவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் உங்கள் கணக்கில் பணம் எடுத்தாலும் பாஸ்வேர்டை யாராவது மாற்ற முயன்றாலும் எச்சரிக்கை முதலில் வர வேண்டியது உங்களுக்கு. அது ஆபீஸில் வேலை மும்முரத்தில் இருக்கும் ஒருவருடைய நூறு மெயிலுக்கு நடுவே போய் விழக்கூடாது. அதே வங்கியில் அவருக்கும் கணக்கு இருந்தால் அவர் மெயிலை இரண்டாவது ஆளுக்குப் பதிவதில் சிக்கலும் வரும். மியூச்சுவல் ஃபண்டில் குடும்பத்தினரின் மெயிலைக் கொடுப்பதற்கென்றே தனியாக உறுதிமொழி கேட்பார்கள். நாளை அவர் மெயில் மாறினால், இரண்டு பேருடைய கணக்குகளையும் மறுபடி அலசி எடுக்க வேண்டும். அவர் உதவ நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக முடித்துக் கொடுக்கட்டும். பேக்கப் குறியீடுகள் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள்.

எங்கே முறையிடுவது?

சாட் பெட்டியில் பதில் சொல்லும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. ஆன்லைன் விற்பனைக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020-ல் வந்தன. அவற்றின்படி ஒவ்வொரு ஆன்லைன் வணிக நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடியில் 'கிரீவன்ஸ் ஆபீசர்' என்று தேடுங்கள். அவருக்குப் பழைய மெயிலிலிருந்தே, புதிய மெயிலுக்கும் நகல் வைத்து, இப்படி எழுதுங்கள்:

'ஐயா, உங்கள் தளத்தில் எனக்கு உள்ள கணக்கின் மெயில் முகவரி, இந்தக் கடிதம் எந்த மெயிலிலிருந்து வருகிறதோ அதுதான். கைபேசி எண்ணும் அதே கணக்கில் பதிவாகியிருக்கிறது. இந்த மெயில் சேவை இன்ன தேதியோடு நிற்கிறது. நகலில் உள்ள முகவரியை என் கணக்கின் மெயிலாக மாற்றித் தரவும். பழைய மெயில், புதிய மெயில், கைபேசி மூன்றிலும் ஓடிபி மூலம் உறுதி செய்யத் தயாராக இருக்கிறேன். என் கணக்கில் இவ்வளவு ரூபாய் கிஃப்ட் கார்டு மீதி உள்ளது. திரையின் படம் இணைத்திருக்கிறேன். மாற்ற முடியாது என்றால், காரணத்தை எழுத்தில் தரவும். இந்தத் தொகையை எப்படித் திருப்பித் தருவீர்கள் என்பதையும் தெரிவிக்கவும்.'

புகார் எண்ணைக் கேட்டு வாங்கி நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் ஆகியும் தீரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். வங்கி என்றால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார், 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அதன் புகார்த் தளத்தில் எழுதலாம், கட்டணம் இல்லை. முதலீடுகளுக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம் இருக்கிறது. இன்ஷூரன்ஸுக்கு பீமா பரோசா தளம் இருக்கிறது.

சட்டமும் உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, நம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும் புதுப்பிக்கவும் கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு, 'எங்கள் கணினியில் வசதி இல்லை' என்று ஒரு நிறுவனம் கையை விரிப்பது கடினம்.

இரண்டு எச்சரிக்கைகள்

வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். நிறுவனத்தின் தளத்திலோ ஆப்பிலோ, கார்டின் பின்புறத்திலோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். 'மெயில் மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கம்மா' என்று யாராவது அழைத்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஓடிபியை நீங்கள் திரையில்தான் போட வேண்டும். வாயால் யாரிடமும் சொல்லக்கூடாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இரண்டாவது: நின்றுபோகும் மெயில் ஐடி அப்படியே மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2013-ல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்த ஐடிகளை எடுத்து வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. புதிதாக வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய சொந்தக்காரர்களின் தனிப்பட்ட மெயில்கள் வந்து சேர்ந்தன. உங்கள் பழைய ஐடி நாளை யார் கைக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆகவே இனி தேவையில்லாத கணக்கு என்றாலும் அதை அப்படியே விடாதீர்கள். மாற்றுங்கள், அல்லது முறைப்படி மூடுங்கள். சொந்தமாக டொமைன் வாங்கி மெயில் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வருடக் கட்டணம் கட்ட மறந்து டொமைன் கைமாறினால், அதை வாங்குகிறவருக்கு உங்கள் பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புகளும் போகும்.

நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்

இதைப் படிப்பவர்களில் மென்பொருள் எழுதுகிறவர்கள், வாடிக்கையாளர் சேவையை நடத்துகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். வேலை மாறும்போதும், இணைப்பு மாறும்போதும், சேவை நிறுத்தப்படும்போதும் மக்களின் மெயில் ஐடி மாறத்தான் செய்யும். தளம் கட்டுகிற முதல் நாளே அதற்கு இடம் விடுங்கள். வாடிக்கையாளருக்கு மாறாத எண் ஒன்று கொடுங்கள். மெயிலை மாற்றும் பொத்தானைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். பழைய மெயிலுக்குத் தகவல் அனுப்புங்கள். பழைய மெயில் கையில் இல்லாதவருக்குக் கைபேசி மூலமோ, அடையாள ஆவணம் மூலமோ ஒரு வழி வையுங்கள். முக்கியமாக, 'புதிய கணக்கு தொடங்குங்கள்' என்ற பதிலை உங்கள் ஊழியர்களின் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பத்து வருடம் உங்களிடம் வாங்கியவரைப் பார்த்து, 'நீங்கள் யார் என்று தெரியாது' என்று சொல்வதற்குச் சமம் அது.

அம்மா, மெயில் நிற்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகவே வங்கி, வருமான வரி, பி.எஃப்., முதலீடு, இன்ஷூரன்ஸ் ஐந்தையும் முடித்துவிடுங்கள். கடைசி மாதத்தில் பழைய பெட்டிக்கு இன்னும் என்ன வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். அங்கே வருகிற ஒவ்வொன்றும் நோட்டில் விட்டுப்போன ஒரு பெயர். கடையோடு உள்ள வழக்கை அவசரம் இல்லாமல் நடத்தலாம். கிரீவன்ஸ் ஆபீசருக்கு எழுதும் கடிதத்தை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கு உள்ள ஒரு மாதக் கெடு அன்றிலிருந்துதான் தொடங்கும்.